பழைய தண்டனையும் வங்கி வேலையும்
(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, ஜீயபுரம்)



காவிரிக் கரையில் நெல்லும் வாழையும் விளைகிற பகுதி இது. நம் பெற்றோர் தலைமுறை வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றியது. இந்தத் தலைமுறை கரூர் சாலையில் காலைப் பேருந்தைப் பிடித்துத் திருச்சிக்குப் போய் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறது. தேர்வில் தேறி, பணி ஆணை வரும்போது கூடவே ஒரு படிவமும் வரும். உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா, கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று அது கேட்கும். அந்தக் கட்டத்தில் தயங்காமல் 'இல்லை' என்று எழுத நம் தெருக்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? இன்றைய பேச்சு அந்தக் கட்டத்தைப் பற்றியது. பல வருடங்களுக்கு முன் பெற்ற ஒரு தண்டனைக்காக, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமா?

அண்ணலின் நினைவு நாளில் வங்கியைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி 1923இல் நூல் எழுதியவர் அவர். நாணயம் குறித்து ஆராய வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர். பணத்தைப் பற்றியும் அதைக் கையாளும் நிறுவனங்களைப் பற்றியும் பேசுவது அவர் நமக்கு விட்டுச் சென்ற வேலைகளில் ஒன்று.

1969 ஜூலை 19 அன்று 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதற்குப் பிறகுதான் இடஒதுக்கீடு வழியாக நம்மவர்கள் வங்கிக்குள் கணிசமாக நுழைய முடிந்தது. முதலில் போனவர்களில் பலர் கவுன்ட்டருக்கு வெளியே நின்றார்கள். மெசஞ்சராக, காவலராக, கூட்டிப் பெருக்குபவராக இருந்தார்கள். அந்த ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் கல் வீடு கட்டியது, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்த வேலை போனால் ஒரு தலைமுறை ஏறிய படி சரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949இல் வந்தது. அதன் 10ஆவது பிரிவு, ஒழுக்கக் கேடு சார்ந்த குற்றத்துக்காகக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரையும் வங்கி வேலைக்கு வைக்கக் கூடாது, ஏற்கெனவே வேலையில் இருந்தால் தொடர விடவும் கூடாது என்கிறது. தனியார் வங்கி, ஸ்டேட் பாங்க், நாட்டுடைமை வங்கி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பிரிவில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, காலம். இப்போது தண்டிக்கப்பட்டவர், எப்போதோ தண்டிக்கப்பட்டவர் இருவரையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. 5 வருடம், 30 வருடம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. இரண்டு, 'ஒழுக்கக் கேடு' என்றால் என்னவென்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. மூன்று, அது கட்டளையாக இருக்கிறது. இந்த ஆளின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று வங்கி மேலாளருக்கு அது இடம் தரவில்லை.

வங்கி ஊழியர் சங்கங்கள் போராடிப் பெற்ற ஏற்பாடு வேறு மாதிரி இருக்கிறது. 1953இல் வந்த சாஸ்திரி தீர்ப்பாயத்தின் தீர்ப்பு, தண்டனை பெற்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்யலாம், அல்லது அதைவிடக் குறைந்த தண்டனையும் தரலாம் என்றது. அங்கே 'லாம்' இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தில் 'கூடாது' இருக்கிறது. இரண்டும் மோதினால் சட்டமே வெல்லும். ஆகவே ஒரு ஊழியரின் வாழ்வு 'ஒழுக்கக் கேடு' என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் வழக்கு.

ஒரு மெசஞ்சரின் வழக்கு

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாகப் போன ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட் பாங்கில் மெசஞ்சராக வேலை பார்த்தவர் ஒருவர். ஓர் அடிதடி வழக்கில் இந்திய தண்டனைச் சட்டம் 324ஆவது பிரிவின் கீழ் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்தது. ஆனால் வேலை போய்விடும் என்பதைக் கருதி, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவித்தது. வங்கி 10ஆவது பிரிவைக் காட்டி அவரை வெளியே அனுப்பியது. உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வங்கி விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது.

2019 ஏப்ரலில் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், எம்.ஆர். ஷா அமர்வு வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. நன்னடத்தையின் பேரில் விடுவித்ததால் மட்டும் குற்றத் தீர்ப்பு அழிந்துவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா அடிதடியும் ஒழுக்கக் கேடு ஆகிவிடாது. லஞ்சம், போதைப் பொருள் போன்ற குற்றங்களை நேரடியாக அப்படிச் சொல்லலாம். கைகலப்பை அப்படிச் சொல்ல முடியாது, என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்த வழக்கில் கொல்லும் நோக்கம் இல்லை, காயங்கள் சாதாரணமானவை. எனவே இது ஒழுக்கக் கேடு இல்லை என்று முடித்தது.

இது நமக்கு மிகவும் பயன்படும் தீர்ப்பு. அதே நேரத்தில் ஒன்றை யோசியுங்கள். நாட்டின் மிகப் பெரிய வங்கி, ஒரு மெசஞ்சரை வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டெல்லி வரை வழக்காடியது. வழக்கறிஞர் கட்டணம் கட்ட வழியில்லாமல் முதல் உத்தரவோடு வீடு திரும்பியவர்களின் பெயர் எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் இருக்காது.

இதற்கும் முன்னால் 1996இல் ஹரியானாவிலிருந்து வந்த வழக்கு ஒன்று உண்டு. கடைநிலை ஊழியர் ஒருவர், பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினார் என்ற 294ஆவது பிரிவின் கீழ் 20 ரூபாய் அபராதம் கட்டினார். அதற்காக வேலை போனது. 294இல் தண்டனை என்பதாலேயே ஒழுக்கக் கேடு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அதோடு நிற்காமல் நாடாளுமன்றத்துக்கும் ஒரு யோசனை சொன்னது. 2,000 ரூபாய் அளவு வரையிலான அபராதத்தோடு முடிகிற சிறு வழக்குகளை, அரசு வேலையைப் பொறுத்தவரை தண்டனையாகவே கணக்கில் எடுக்காதபடி சட்டம் கொண்டு வர வேண்டும் என்றது. அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு இன்று கல்யாணமே ஆகியிருக்கும். அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

யாருக்குக் காலக்கெடு?

பழைய தண்டனைக்குக் காலக்கெடு வைப்பது நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதியதா? இல்லை. அது யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951ஐப் பாருங்கள். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி 6 ஆண்டு முடிந்தபின் தேர்தலில் நிற்கலாம். சட்டமன்ற உறுப்பினர் ஆகலாம், அமைச்சரும் ஆகலாம். நிதித் துறையைக் கையில் வைத்திருப்பதற்கும் தடை இல்லை.

நிறுவனங்கள் சட்டம், 2013ஐப் பாருங்கள். ஒழுக்கக் கேடான குற்றத்துக்கோ வேறு குற்றத்துக்கோ ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டு கழித்துக் கம்பெனி இயக்குநர் ஆகலாம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குத்தான் நிரந்தரத் தடை.

இப்போது மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். சட்டம் இயற்றுகிறவருக்கு 6 ஆண்டு. வங்கியில் கோடிக் கணக்கில் கடன் வாங்கும் கம்பெனியின் இயக்குநருக்கு 5 ஆண்டு. அந்தக் கடன் கோப்பை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தூக்கிப் போகிற மெசஞ்சருக்கு மட்டும் ஆயுள் முழுக்க. நாணயம் தவறாத ஆள் வேண்டும் என்பது இந்தப் பிரிவின் நோக்கம் என்றால், இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

தண்டனை எங்கே உற்பத்தியாகிறது?

தண்டனைப் பதிவு ஒருவரின் குணத்தைக் காட்டும் கண்ணாடி என்று வங்கி நினைக்கிறது. அந்தக் கண்ணாடியைச் செய்கிற பட்டறையை நமக்குத் தெரியும்.

ஊர்த் திருவிழாவில் தகராறு. நம் தெருவில் அடி விழுகிறது. நாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கிறோம். மறுநாளே எதிர்ப் புகார் ஒன்று தயாராகிவிடுகிறது. தெருவில் இருக்கும் படித்த பையன்களின் பெயராகப் பார்த்து அதில் எழுதப்படுகிறது. மணல் லாரியை மறித்தால், சுடுகாட்டுப் பாதை கேட்டுச் சாலையில் உட்கார்ந்தால், சட்டவிரோதமாகக் கூடியதாக, வழியை மறித்ததாக வழக்கு. பிறகு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும். கடைசியில் யாரோ சொல்வார்கள்: "தம்பி, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ, இன்னியோட முடிஞ்சிடும்." கட்டிவிட்டு வருகிறோம். அன்றைக்கு முடிந்தது வழக்கு மட்டும்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் பற்றி மட்டுமே அவர் கேள்வி எழுப்ப முடியும். பதிவு மட்டும் அப்படியே நிற்கிறது.

பாமாவின் 'கருக்கு' படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு தகராறைச் சாக்காக வைத்துக் காவல்துறை தெருவுக்குள் நுழைந்து ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதை அந்த நூல் 1992இலேயே எழுதிவிட்டது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அந்த வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். அதே இரவில் நடந்த இன்னொரு கொலைக்காக விவசாயத் தொழிலாளர்கள் சிறையில் இருந்தார்கள். தண்டனைப் பதிவை மட்டும் வைத்து ஒழுக்கத்தை அளந்தால் அந்த இரவில் யார் ஒழுக்கமானவர்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. இதற்குப் பழைய வேர் உண்டு. 1871இல் வெள்ளையர் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கப்பட்டன. அந்தச் சட்டம் 1952க்குள் போய்விட்டது. அந்தப் பார்வை போகவில்லை. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 2024 அக்டோபரில்தான்.

அரசு நினைத்தால் ஒரு வழக்கைக் கறையாகப் பார்க்காமலும் இருக்க முடியும். கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல முடிவுதான். அதே அளவுகோல் சுடுகாட்டுப் பாதைக்காக உட்கார்ந்தவருக்கும் வேண்டும் என்கிறோம்.

வெளிநாட்டில் ஒரு பத்துப் பைசா

இது இந்தியாவின் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 68 வயது ஊழியர் ஒருவரை வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012இல் வேலையை விட்டு அனுப்பியது. காரணம், 1963இல் சலவை இயந்திரத்தில் பத்து சென்ட் நாணயத்துக்குப் பதிலாக அட்டையில் வெட்டிய பொய்க் காசைப் போட்டு மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய 50 வருடம் கழித்து அந்த அட்டைக் காசு அவர் வேலையைத் தின்றது. அதே வங்கியால் இப்படி நீக்கப்பட்ட கறுப்பின, லத்தீன் ஊழியர்கள், இந்த விதி எங்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். சட்டமே அப்படி இருக்கும்போது வங்கி என்ன செய்யும் என்பதுதான் பதில்.

அங்கே கதை அதோடு முடியவில்லை. 2022 டிசம்பரில் சட்டமே மாறியது. குற்றம் நடந்து 7 ஆண்டு ஆகியிருந்தாலோ, சிறையிலிருந்து வெளிவந்து 5 ஆண்டு ஆகியிருந்தாலோ, பெரும்பாலான குற்றங்களில் வங்கி வேலைக்கு இனித் தடை இல்லை. 21 வயதுக்குள் செய்த குற்றத்துக்குக் கெடு இன்னும் குறைவு. அதனால் அங்குள்ள வங்கிகள் எதுவும் இடிந்து விழவில்லை. நீதிமன்றத்தில் தோற்ற கோரிக்கை சட்டமன்றத்தில் வெல்ல முடியும் என்பது நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எதிர்க் கேள்விகள்

நம்மை நோக்கி வரும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

வங்கியில் இருப்பது ஊரார் பணம். மகளிர் குழுவில் நம் அம்மாக்கள் வாரா வாரம் சேர்த்த பணமும் அங்கேதான் இருக்கிறது. மோசடி செய்து தண்டனை பெற்றவரைக் கல்லாவில் உட்கார வைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். சொல்லவில்லை. கையாடல், கள்ளக் கையெழுத்து, லஞ்சம் ஆகியவற்றுக்கும் வங்கி வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவற்றுக்குத் தடை நீளமாக இருக்கட்டும். ஆனால் தொடர்பைக் காட்ட வேண்டியது வங்கியின் பொறுப்பு. சாலை மறியலுக்கும் ரொக்கக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று வங்கி எழுத்தில் சொல்லட்டும்.

இன்னொரு கேள்வி நமக்குள்ளேயே எழ வேண்டியது. நம்மைத் தாக்கி வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், பல வருடம் கழித்து நம் ஊர் வங்கிக் கிளையில் வந்து உட்காரலாமா? தாட்கோ கடனுக்கு நம் பிள்ளை மனு கொடுக்கும்போது அதை வாங்குகிற கை அவருடையதாக இருக்கும். இங்கே குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பு தெளிவாக இருக்கிறது. சாதியின் பேரால் கை ஓங்கியவர், எல்லோரையும் சமமாக நடத்த வேண்டிய மேசைக்கு எளிதில் வரக் கூடாது. தீண்டாமைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் தனியாகவே தடை வைத்திருக்கிறது. எனவே அவருக்குக் கெடு நீளமாக இருக்கலாம். ஆனால் கெடு என்று ஒன்று அவருக்கும் உண்டு. தண்டனையை முழுதாக அனுபவித்து, ஆண்டுகள் கழிந்து, மறுபடி அப்படி நடக்காதவரை நாமும் ஏற்கத்தான் வேண்டும். சொல்லக் கசக்கிறது. ஆனாலும் ஆளுக்கு ஒரு நீதி என்பது மனுவின் வழி. அந்த வழியில் நாம் போக முடியாது.

இலக்கிய மன்றத்தில் ஏன் சட்டம் பேசுகிறீர்கள் என்றும் கேட்கலாம். 2011இல் டெல்லிக் காவல்துறை வேலைக்கான ஒரு வழக்கில், இளைஞர்கள் தவறு செய்வது இயல்பு, வாழ்நாள் முழுக்க அந்த முத்திரையைச் சுமக்க வைக்கக் கூடாது என்று சொல்ல நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எங்கே போனார் தெரியுமா? விக்டர் ஹ்யூகோவின் நாவலுக்குப் போனார். பசிக்கு ரொட்டி திருடி வாழ்நாள் முழுக்கத் திருடன் என்று துரத்தப்பட்ட ழான் வால்ழானைத் தீர்ப்பில் எடுத்து வைத்தார். சட்டப் புத்தகத்தில் கிடைக்காத மனிதரைத் தேடி நீதிமன்றம் இலக்கியத்திடம் வருகிறது. நம் தெருக்களின் வால்ழான்களை நாம் எழுதினால்தான் நாளைய தீர்ப்பில் அவர்கள் இருப்பார்கள்.

நாம் கேட்பதும் நாம் செய்ய வேண்டியதும்

நம் கோரிக்கைகள் நான்கு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஆவது பிரிவில் காலக்கெடு வேண்டும். எவை ஒழுக்கக் கேடான குற்றங்கள் என்று பட்டியலிட வேண்டும். அபராதத்தோடு முடிந்த வழக்குகளை, 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கணக்கிலிருந்து விட வேண்டும். யாரை நீக்குவதாக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டு, குற்றத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் தர வேண்டும். வங்கி ஊழியர் சங்கங்கள் சம்பள ஒப்பந்தம் பேசும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும். தலித் ஊழியர் நலச் சங்கங்கள் இதற்கு முன்கை எடுக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. சிலவற்றை மனதில் வையுங்கள்.

படிவத்தில் மறைக்காதீர்கள். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்குகளை வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னவருக்கு வாதாட இடம் நிறைய இருக்கும்.

ஃபைன் கட்டி முடிக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பட்டியல் சாதியினர் எவரும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள். சமரசத்துக்கு உரிய வழக்கு என்றால் முறைப்படி சமரசம் செய்யுங்கள். அப்படி முடிந்த வழக்கு விடுதலைக்குச் சமம். அபராதம் கட்டினால் அது தண்டனை. இந்த வித்தியாசத்தை வீட்டில் அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

18 வயதுக்கு முன் நடந்தது என்றால் இளைஞர் நீதிச் சட்டம், 2015 உங்கள் பக்கம் இருக்கிறது. கொடுங்குற்றங்களில் சில தவிர, அந்தத் தண்டனை எந்த வேலைக்கும் தகுதிக் குறைவு ஆகாது. தீர்ப்பு நகல், விடுதலை உத்தரவு, சமரசப் பதிவு எல்லாவற்றையும் சாதிச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இந்த மன்றமும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் ஊர்களில் யார் யார் மேல் என்னென்ன வழக்கு, எது முடிந்தது, எது நிலுவையில், யாருக்கு எந்த வேலை கைநழுவியது என்று கேட்டுத் தொகுக்க வேண்டும். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. 10ஆவது பிரிவைத் திருத்துங்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகும்போது, அந்தக் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும். மாணவர்கள் நான்கு பேர் பொறுப்பேற்றால் அடுத்த நினைவு நாளுக்குள் முடித்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.